கடைமடையில் 320 வோல்ட்: டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்கினால் சரியாகுமா? (தர்மபுரி, கிருஷ்ணகிரி மின் கட்டமைப்பு)

#1 பென்னாகரம்_பம்ப்செட்

2024 மே 2ஆம் தேதி தமிழகத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அவ்வளவையும் கொடுத்தார்கள். ஆனால் பென்னாகரம், ஏரியூர், பாலக்கோடு பக்கம் வயல்களில் மோட்டார் இழுப்பதில்லை. மின்சாரம் மாநிலத்தில் இருந்தும் கடைமடைக்கு வருவதில்லை என்றால் குறை எங்கே?

பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு டிரான்ஸ்பார்மரை எடுத்துப் பேசுவோம். விவரம் இது:

100 கேவிஏ (தாங்கும் பாரத்தின் அளவு) டிரான்ஸ்பார்மர், 14 விவசாய சர்வீஸ் (மின் இணைப்பு). 11 கேவி பீடர் (சப்ஸ்டேஷனிலிருந்து வரும் 11,000 வோல்ட் லைன்) மொத்தம் 25 கி.மீ., இது அதன் கடைசிப் பகுதி. எல்டி லைன் (டிரான்ஸ்பார்மரிலிருந்து மோட்டாருக்கு வரும் தாழ்வழுத்த லைன்) முழுக்க வீசல் என்ற மெல்லிய கம்பி. கடைசி 4 மோட்டார்கள் டிரான்ஸ்பார்மரிலிருந்து 400 மீட்டர் தள்ளி. காலை 9 மணிக்கு எல்லாம் ஓடும்போது அந்த 4 ஸ்டார்ட்டரிலும் பேஸுக்குப் பேஸ் 320 வோல்ட்.

200 கேவிஏ டிரான்ஸ்பார்மர் கேட்டு மனு எழுதலாம் என்று ஊரில் பேச்சு. அதுதான் சரியான கோரிக்கையா? கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கிரிட்_கணக்கு

நல்ல கேள்வி. 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் பாரம் இல்லாதபோது 433 வோல்ட் கொடுக்கும். அது 320 ஆகிறது என்றால் 113 வோல்ட் வழியில் தொலைகிறது. தொலையும் இடம் மூன்று. தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் 11 கேவி பீடர். 25 கி.மீ. ராபிட் கம்பி (வீசலைவிடத் தடித்தது), தொடக்கத்தில் 75 ஆம்ப்ஸ், பாரம் வழியெங்கும் பரவியிருக்கிறது என்று வைத்தால் கடைசியில் சுமார் 1,000 வோல்ட் இறங்கும். அதாவது 9 சதவீதம். 433 இங்கேயே 394 ஆகிவிட்டது. உங்கள் டிரான்ஸ்பார்மருக்கு இன்னும் பாரமே ஏறவில்லை, 39 வோல்ட் போச்சு.

அடுத்து டிரான்ஸ்பார்மர். ஓடுவது எல்லாம் 10 எச்பி என்றால், ஒன்றுக்கு 17 ஆம்ப்ஸ், 12.4 கேவிஏ. 14 மோட்டாருக்கு 174 கேவிஏ. 100 கேவிஏவின் முழுப்பாரம் 133 ஆம்ப்ஸ்தான், இங்கே போவது 240. உள்ளேயே சுமார் 7 சதவீதம், 28 வோல்ட் இறங்கும்.

கடைசியாக எல்டி லைன். வீசல் கம்பியின் மின்தடை கி.மீ.க்கு 0.93 ஓம். 4 மோட்டார் 68 ஆம்ப்ஸ் இழுத்தால் 400 மீட்டரில் 44 வோல்ட் இறங்கும்.

39 + 28 + 44 = 111. மீதி 322. நீங்கள் சொன்ன 320 அச்சாகப் பொருந்துகிறது.

இப்போது 200 கேவிஏ வைத்தால்? டிரான்ஸ்பார்மருக்குள் இறங்கும் 28 வோல்ட் 13 ஆகும். லாபம் 15 வோல்ட். கடைசி ஸ்டார்ட்டரில் 337 வரும். சட்டப்படி எல்டியில் 415க்கு 6 சதவீதம் மேலே கீழே இருக்கலாம், அதாவது குறைந்தது 390 வர வேண்டும். 337 எந்த மூலைக்கு? டிரான்ஸ்பார்மர் எரியாமல் இருக்கும், அது உண்மை. மோட்டார் எரிவது நிற்காது.

#3 காயில்கட்டு_பாலக்கோடு

மேலே சொன்ன கணக்கு மோட்டாரைப் பிரித்தாலே தெரியும். காயில் எரிந்திருக்கும் விதத்தை வைத்தே லைனில் என்ன கோளாறு என்று சொல்லலாம். வயல்காரர்கள் ரீவைண்டிங்குக்குப் போகும்போது இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்:

மூன்று பேஸ் காயிலும் ஒரே மாதிரி வெந்திருந்தால் லோ வோல்டேஜ் அல்லது பம்ப் இறுக்கம். காயில்களை இணைப்பதில் ஸ்டார், டெல்டா என்று இரண்டு விதம். ஸ்டார் கட்டு மோட்டாரில் இரண்டு பேஸ் வெந்து ஒன்று புதுசு போல் இருந்தால் ஒரு பேஸ் விட்டுப்போய் ஓடியிருக்கிறது. டெல்டா கட்டு என்றால் நேர்மாறு: ஒரு பேஸ் மட்டும் வெந்திருக்கும். தண்ணீர் நிரப்பிய போர் மோட்டாரில் கருகல் தெரியாது, கம்பியின் பிளாஸ்டிக் உறை இளகி ஒட்டியிருக்கும், அதையே அடையாளமாக எடுக்க வேண்டும்.

320 வோல்ட்டில் மோட்டாரின் முறுக்குவிசை 415இல் இருப்பதில் 60 சதவீதம்தான். இழுக்க முடியாமல் ஆம்ப்ஸ் ஏறும். ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதைத் திருகி மேலே ஏற்றி வைக்கிறார்கள். 17 ஆம்ப்ஸ் மோட்டாருக்கு ரிலே 25இல் நிற்கும். அது ரிலே இல்லாததற்குச் சமம். இந்த ஒரு பழக்கத்தை விட்டாலே ரீவைண்டிங் செலவு பாதி குறையும்.

#4 லைன்_போர்மேன்

கிரிட்_கணக்கு சொன்னதில் ஒரு இடத்தை எல்லாரும் நிதானமாகப் பார்க்கணும். 14 சர்வீஸும் 10 எச்பி என்று வைத்தார். ஆபீஸ் ரிஜிஸ்டரில் அவை என்னவாக இருக்கும்? பெரும்பாலும் 5 எச்பி. 5 எச்பிக்கு 6.2 கேவிஏ, 14க்கு 87. 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் 87 கேவிஏ. தாளில் எந்தக் குறையும் இல்லை! எஸ்டிமேட் போடும் ஏஇ (உதவிப் பொறியாளர்) தாளைப் பார்த்துத்தான் போட முடியும். "பாரம் வரம்புக்குள் உள்ளது" என்று மனு திரும்பி வருவது இதனால்தான்.

இதில் விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. தண்ணி போன ஆழம் அப்படி. 1,000 அடி, அதாவது 300 மீட்டரிலிருந்து வினாடிக்கு 1 லிட்டர் ஏற்றணும் என்றால் தண்ணீருக்கு மட்டும் சுமார் 3 கிலோவாட். பம்பும் மோட்டாரும் சேர்ந்த திறன் 40 சதவீதம் வந்தால் பெரிது, ஆக 7.4 கிலோவாட், அது 10 எச்பி. இந்த ஆழத்தில் 5 எச்பி மோட்டார் கிணற்றுக்குள் கிடந்து சுற்றும், தண்ணி மேலே வராது. நிலத்தடி நீர் 300 அடியில் இருந்த காலத்துச் சர்வீஸ், 1,000 அடிக்கு இறங்கிய போர். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது டிரான்ஸ்பார்மர்.

பணம் கட்டி விரைவாக விவசாய சர்வீஸ் வாங்கும் தட்கல் திட்டம் தொடங்கியபோது கட்டணம் 5 எச்பிக்கு 2.5 லட்சம், 7.5க்கு 2.75, 10க்கு 3, 15க்கு 4 லட்சம் என்று இருந்தது. 5க்கும் 10க்கும் வித்தியாசம் 50,000 ரூபாய். அந்த 50,000ஐ மிச்சம் பிடித்து 5 எச்பி எழுதிவிட்டு 10 இறக்கினால், அடுத்தடுத்து வரும் ரீவைண்டிங் அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளும். அக்கம்பக்கத்து 13 பேர் மோட்டாரும் சேர்ந்து கெடும்.

ஆகவே மனுவின் முதல் வரி "டிரான்ஸ்பார்மர் பெரிதாக்கவும்" என்று இருக்கக்கூடாது. சர்வீஸ் எண் வாரியாக உண்மையில் ஓடும் எச்பி எவ்வளவு, ஆழம் எவ்வளவு, எத்தனை மணிக்கு எந்த ஸ்டார்ட்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப்ஸ். இந்தப் பட்டியல் இருந்தால் மனு பேசும்.

#5 பென்னாகரம்_பம்ப்செட்

அண்ணா, உண்மை எச்பியை எழுதிக் கொடுத்தால் அபராதம் போடுவார்கள், பிறகு மீட்டர் வைப்பார்கள், பிறகு பில் வரும் என்று ஊரில் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு என்ன பதில்?

#6 லைன்_போர்மேன்

பயம் புரிகிறது தம்பி. தனித்தனியாகப் போய் மாட்டிக்கொள்வது வேறு, 14 பேரும் சேர்ந்து கூடுதல் பாரத்துக்கு முறைப்படி விண்ணப்பம் கொடுப்பது வேறு. இரண்டாவதில் ஆபீஸுக்கும் ஒரு கோப்பு கிடைக்கும், எஸ்டிமேட் போடக் காரணமும் கிடைக்கும். 14 பேரில் 3 பேர் வரமாட்டார்கள். பரவாயில்லை, 11 பேரோடு போங்கள்.

#7 கிரிட்_கணக்கு

மீட்டர் பற்றி என் கருத்து. 1990க்குப் பிறகு தமிழகத்தில் விவசாய மின்சாரம் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம், பெரும்பாலான சர்வீஸில் மீட்டர் இல்லை. அதனால் விவசாயத்துக்கு எத்தனை யூனிட் போகிறது என்பது மதிப்பீடுதான். மதிப்பீட்டை வைத்துக் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் திட்டமிட முடியாது. ஒரு குளத்தில் எத்தனை மடை, எந்த மடையில் எவ்வளவு என்று தெரியாமல் வாய்க்கால் வெட்டுவது மாதிரி.

ஆனால் அதற்காக ஒவ்வொரு பம்ப்செட்டுக்கும் மீட்டர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டிரான்ஸ்பார்மருக்கு ஒரு மீட்டர் போதும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஆம்ப்ஸும் வோல்ட்டும் பதிவாகும். யார் எவ்வளவு எடுத்தார் என்று அது சொல்லாது, இந்த டிரான்ஸ்பார்மரில் 174 கேவிஏ ஓடுகிறது என்று சொல்லும். திட்டமிட வேண்டியவருக்கு அதுதான் தேவை.

#8 மாந்தோப்பு_பர்கூர்

டிரான்ஸ்பார்மர் மீட்டரில் தொடங்கி வீட்டு வாசலுக்கு வரமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கணக்கு எடுப்பது நல்லதுதான். ஆனால் இலவச மின்சாரம் என்பது இங்கே போராடிப் பெற்றது. மழையில்லாத மாவட்டத்தில் 1,000 அடியிலிருந்து தண்ணி எடுப்பவருக்கு யூனிட் கணக்கில் பில் வந்தால் தக்காளி விற்ற காசு கரண்டுக்கே போய்விடும். டிரான்ஸ்பார்மர் அளவோடு நிற்க வேண்டும் என்று எழுத்தில் இருந்தால் ஒத்துக்கொள்ளலாம்.

#9 கிரிட்_கணக்கு

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. எழுத்தில் இருக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

#10 காயில்கட்டு_பாலக்கோடு

மோட்டார் லைனிலிருந்து இழுக்கும் ஆம்ப்ஸைக் குறைக்கும் கெப்பாசிட்டரை யாரும் பேசவில்லையே. எந்த மனுவும் இல்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

10 எச்பிக்கு 4 கேவிஏஆர் (கெப்பாசிட்டரின் அளவு), 7.5க்கு 3, 5க்கு 2. இது பொதுவாகப் போடும் அளவு. 10 எச்பி மோட்டார் 17 ஆம்ப்ஸ் இழுப்பது, 415 வோல்ட் இருந்தால், 4 கேவிஏஆர் போட்டபின் சுமார் 14.7 ஆகும். 14 மோட்டாருக்கும் போட்டால் 174 கேவிஏ 147 ஆகக் குறையும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை. நேரடி ஸ்டார்ட்டர் என்றால் கெப்பாசிட்டரை ஸ்டார்ட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவில் கட்டுங்கள். மோட்டார் நின்றால் அதுவும் நிற்கணும், லைனில் தனியாகத் தொங்கக் கூடாது. ரிலேவுக்குப் பிறகு கட்டினால் ரிலே பார்க்கும் ஆம்ப்ஸ் குறைந்துவிடும், அதற்கேற்ப ரிலே அளவையும் இறக்கணும். இதை மறந்தால் மோட்டாருக்குப் பாதுகாப்பு போய்விடும். அணைத்த பிறகு ஒரு நிமிடமாவது விட்டுத்தான் தொடணும். வீங்கிய கெப்பாசிட்டரை அன்றைக்கே கழற்றுங்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் கட்டும் இடம் வேறு, தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

#11 கிரிட்_கணக்கு

இதோடு ஒன்று சேர்க்கணும். கெப்பாசிட்டர் தரும் அளவு வோல்ட்டின் வர்க்கத்தில் குறையும். 320 வோல்ட்டில் 4 கேவிஏஆர் என்று எழுதியிருந்தாலும் 2.4தான் கொடுக்கும். அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் குறைவாக வேலை செய்யும். அப்படிப் பார்த்தாலும் 14 பேரும் போட்டால் கடைசி ஸ்டார்ட்டரில் சுமார் 10 வோல்ட் ஏறும். 200 கேவிஏ டிரான்ஸ்பார்மர் தரும் 15 வோல்ட்டோடு ஒப்பிட்டால் செலவு எங்கே, பலன் எங்கே என்று புரியும். பீடர் முழுக்கப் போட்டால் 11 கேவியில் தொலையும் 39 வோல்ட்டிலும் கொஞ்சம் திரும்பி வரும்.

#12 லைன்_போர்மேன்

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். கேட்க வேண்டியது பெரிய டிரான்ஸ்பார்மர் இல்லை, இன்னொரு சின்ன டிரான்ஸ்பார்மர், அதுவும் பாரம் இருக்கும் இடத்தில்.

அந்த 400 மீட்டருக்கு எல்டிக்குப் பதிலாக 11 கேவி லைனை நீட்டி, கடைசி 4 மோட்டாருக்கு நடுவில் ஒரு 63 கேவிஏ வையுங்கள். 4 மோட்டாருக்கு 50 கேவிஏ. எல்டியில் தொலைந்த 44 வோல்ட் அப்படியே மிச்சம். 394இல் டிரான்ஸ்பார்மருக்குள் 12 போனால் 382. 320 எங்கே, 382 எங்கே! பழைய 100 கேவிஏவில் 10 மோட்டார் மிச்சம், கெப்பாசிட்டரோடு 105 கேவிஏ. எல்லாரும் ஒரே நேரத்தில் ஓட்டாவிட்டால் அதுவும் மூச்சு விடும்.

இழப்பைப் பாருங்கள். இன்றைக்கு அந்த 400 மீட்டர் வீசல் கம்பியில் 68 ஆம்ப்ஸ் போவதில் 5 கிலோவாட் சூடாகப் போகிறது. நாளுக்கு 6 மணி நேரம், 30 யூனிட் கம்பிக்கே. அதே பாரம் 11 கேவியில் போனால் 2.6 ஆம்ப்ஸ்தான், இழப்பு 8 வாட். புது டிரான்ஸ்பார்மர் பாரம் இல்லாதபோதும் இரும்பு இழப்பாக நூறு வாட்டுக்கு மேல் தின்னும், அதைக் கழித்தாலும் லாபம் பெரிது.

வேலைக்கு வேண்டியது: 11 கேவி லைனுக்குக் கம்பம், கிராஸ் ஆர்ம், இன்சுலேட்டர், இரட்டைக் கம்பக் கட்டமைப்பு, ஏபி சுவிட்ச் (11 கேவி லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), எச்ஜி பியூஸ் (11 கேவி பக்கப் பியூஸ்), லைட்னிங் அரெஸ்டர் (இடிதாங்கி), எர்த் குழிகள், எல்டி பக்கம் கட்டவுட் (பியூஸ் கட்டை). எர்த்தை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பாருங்கள். தர்மபுரி மண் பாறை. மூன்றடியில் பாறை வந்துவிட்டது என்று குழாயை வெட்டி நட்டுவிட்டுப் போனால் அரெஸ்டர் இருந்தும் இடி விழுந்த அன்றைக்கு டிரான்ஸ்பார்மர் போகும். பாறை வந்தால் குழியை நகர்த்தணும், தேவைப்பட்டால் கூடுதல் குழி போட்டு இணைக்கணும்.

இன்னொன்று, கட்டவுட்டில் பியூஸ் கம்பிக்குப் பதில் கம்பத்துக் கம்பியின் இழையைச் சுற்றி விடுவது. பியூஸ் அடிக்கடி போகிறது என்று அப்படிச் செய்தால் அடுத்து போவது டிரான்ஸ்பார்மரின் காயில். ஊர்க்காரர் யாரும் டிரான்ஸ்பார்மர் மேடையில் ஏறக் கூடாது. ஏபி சுவிட்சை இழுத்துவிட்டால் கரண்ட் இல்லை என்று நம்பி உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். ஒரு பிளேடு ஒட்டியே நின்றிருக்கும், கீழிருந்து தெரியாது. 94987 94987க்கு மின்னகத்தில் (மின்வாரியப் புகார் மையம்) புகார் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

#13 ஓசூர்_எச்டி

விவசாய பீடர் பற்றியே பேசுகிறீர்கள். மேலே என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கணும், ஏனென்றால் 11 கேவி பீடரில் இறங்கும் அந்த 9 சதவீதம் எங்கிருந்தோ வருகிறது.

2008 நவம்பரில் தொடங்கி 2015 வரை உயரழுத்த ஆலைகளுக்கு மின்கட்டுப்பாடு இருந்தது. அப்போது குறை உற்பத்தியில். தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் வழியாக. அதன்பிறகு வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவர வழி பிறந்தது. இன்றைக்கு ஓசூர்–சூளகிரி–குருபரப்பள்ளி பட்டையில் இடிப்பது வேறு: 110 கேவி சப்ஸ்டேஷனில் இடம் இருக்கிறதா என்பது.

ஒரு சப்ஸ்டேஷனில் 16 எம்விஏ (1 எம்விஏ என்பது 1,000 கேவிஏ) பவர் டிரான்ஸ்பார்மர் 2 இருந்தால் 32 எம்விஏ என்று நினைப்பார்கள். இல்லை. ஒன்று பழுதானால் மற்றது தாங்க வேண்டும், ஆகவே நம்பக்கூடியது 16தான். அதில் 12 ஏற்கெனவே ஓடினால் புதிதாக வரும் 6 எம்விஏ ஆலைக்கு அங்கே இடம் இல்லை. 25 எம்விஏவாக மாற்றலாம், ஆனால் அதற்கு மேலே வரும் 110 கேவி லைனின் கம்பி தாங்க வேண்டும், அதற்கும் மேலே 230 கேவி, அதற்கும் மேலே ஓசூர் 400 கேவி. சங்கிலியில் எந்தக் கண்ணி மெலிந்ததோ அதுதான் அளவு.

காலக் கணக்கு முக்கியம். ஒரு ஆலைக் கூரை 18 மாதத்தில் எழும்பும். நிலம், பாதை உரிமை எல்லாம் சேர்த்து 230 கேவி சப்ஸ்டேஷனுக்கு 3 வருடமாவது வேண்டும். போச்சம்பள்ளியில் மின்ஸ்கூட்டர் ஆலையும் ஓசூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் வரும் வேகத்துக்கு, நிலம் ஒதுக்கும் நாளிலேயே சப்ஸ்டேஷன் நிலமும் ஒதுக்கப்பட வேண்டும். சிப்காட் வரைபடத்தில் சாலைக்கும் தண்ணீருக்கும் இருக்கும் இடம் 230 கேவிக்கும் இருக்கணும். இது நடக்காத இடத்தில் என்ன ஆகிறது? அவசரத்துக்கு ஆலைப் பாரத்தை ஏற்கெனவே இருக்கும் சப்ஸ்டேஷனில் ஏற்றுகிறார்கள், அங்கிருந்து போகும் கிராமத்து 11 கேவி பீடர் இரண்டாம் இடத்துக்குப் போகிறது.

#14 மாந்தோப்பு_பர்கூர்

லைன் போகட்டும், ஆனால் தோப்பு வழியாகத்தான் போகும். 230 கேவி லைனுக்கு 35 மீட்டர் அகலம், 110 கேவிக்கு 22 மீட்டர். அந்தப் பட்டையில் மாமரம் நிற்க முடியாது. 30 வருட மரத்தை வெட்டினால் நிலமதிப்பில் ஏதோ ஒரு பங்கு கொடுத்துவிட்டு, மரத்துக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அது அடுத்த 30 வருட விளைச்சலுக்கு ஈடாகுமா? தோத்தாபுரி மரம் காய்க்கத் தொடங்கவே 5 வருடம் வேண்டும்.

#15 ஓசூர்_எச்டி

உங்கள் கேள்வி சரி. 2015இல் மத்திய அரசு வழிகாட்டுதலில் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பட்டைக்கு 15 சதவீதம் வரை என்று இருந்தது. 2024 ஜூனில் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள். மாநிலம் ஏற்கும் அளவுக்குத்தான் அது மாநில லைனுக்குப் பொருந்தும். ஆகவே கோபுரம் நடும் முன் கலெக்டர் ஆபீஸில் எந்த வழிகாட்டுதல்படி மதிப்பு போடுகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மரக் கணக்கை மரம் நிற்கும்போதே எடுக்கணும்: எண்ணிக்கை, ரகம், வயது, அடிமரச் சுற்றளவு, போட்டோ, தோட்டக்கலை அலுவலர் கையெழுத்து. வெட்டிய பிறகு எதுவும் நிற்காது.

லைன் பாதை முடிவாகும் முன், ஆய்வுக்கு வரும்போதே தோப்பின் ஓரம் வழியாகக் கோணத்தை மாற்றக் கேட்கலாம். ஒரு கோணக் கோபுரம் கூடுதலாக வரும், செலவு ஏறும், ஆனால் ஆய்வு நிலையில் அது நடக்கக்கூடியது. அடித்தளம் தோண்டிய பிறகு நடக்காது.

#16 சூரியத்தகடு_அரூர்

சூரிய மின்சாரம் பற்றி இரண்டு வார்த்தை. விவசாய பீடருக்குப் பொருத்தமானது அதுதான், ஏனென்றால் பம்ப்செட்டுக்குப் பகலில் கரண்ட் கொடுத்தால் போதும். மத்திய குசும் திட்டத்தில் பீடரையே சூரிய மின்சாரத்தில் ஓட்ட வழி இருக்கிறது. 1 மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர், நல்ல வெயில் நாளில் 4,500 யூனிட் வரை. நீங்கள் சொன்ன பீடர் 75 ஆம்ப்ஸ், அதாவது 1.4 எம்விஏ. 1 மெகாவாட் அதன் பகல் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்கும்.

எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சப்ஸ்டேஷன் பக்கத்தில் நிலம் கிடைக்கிறது என்று அங்கே வைத்தால் 25 கி.மீ. கம்பியில் போகும் ஆம்ப்ஸ் அப்படியேதான் இருக்கும், கடைமடைக்கு ஒரு வோல்ட்கூட ஏறாது. பீடரின் நடுவிலோ அதைத் தாண்டியோ வைத்தால் முதல் பாதிக் கம்பியின் பாரம் இறங்கும், கடைசியில் வோல்ட் ஏறும். மேகம் வந்து 10 நிமிடத்தில் உற்பத்தி விழும்போது வோல்ட்டும் விழும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மாநில அளவில் பார்த்தாலும் பகலில் சூரியன் இருக்கிறது, மே முதல் செப்டம்பர் வரை காற்றாலை இருக்கிறது. இடிப்பது மாலை 6 முதல் 10. உயரழுத்த நுகர்வோருக்கு காலை 6–10, மாலை 6–10 யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம் வைத்திருப்பதும் அதனால்தான். பம்ப்செட்டைக் காலை 10 முதல் 4 மணிக்குள் நகர்த்தினால் மாநிலத்துக்கும் நல்லது, நடுராத்திரியில் பாம்பு கிடக்கும் வரப்பில் நடந்துபோய் மோட்டார் போடும் விவசாயிக்கும் நல்லது.

#17 பென்னாகரம்_பம்ப்செட்

சூரியத்தகடு அண்ணா சொன்ன ராத்திரி விஷயத்தில் இன்னொரு கேள்வி. மும்முனை இல்லாத நேரத்தில் இருமுனைக் கரண்டில், மூன்றாவது முனைக்குப் பதிலாகக் கண்டன்சர் (கெப்பாசிட்டர்) போட்டு மோட்டார் ஓட்டுகிறார்கள். அதனால் லைனுக்கு என்ன கேடு?

#18 லைன்_போர்மேன்

ரொம்பக் கேடு. மூன்று பேஸில் பிரிய வேண்டிய பாரம் இரண்டில் ஏறும். டிரான்ஸ்பார்மரில் ஒரு பக்கம் மட்டும் கொதிக்கும், எண்ணெய் கருக்கும். அதைவிடப் பயங்கரம், மூன்றாவது பேஸைத் தனியாகப் பிரிக்காமல் கட்டியிருந்தால் கண்டன்சர் உண்டாக்கும் கரண்ட் அந்தக் கம்பியில் லைனுக்குத் திரும்பும். அந்தப் பேஸில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைக்கும் வயர்மேன் நிலையை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குக் குழந்தைகளோடு திரும்ப வேண்டியவர் அவர். பகலில் நல்ல வோல்ட் கொடுத்துவிட்டால் கண்டன்சருக்கு வேலையே இல்லை, அதனால்தான் இந்த 63 கேவிஏ பேச்செல்லாம்.

#19 மாந்தோப்பு_பர்கூர்

தாழ்ந்த கம்பியையும் மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் கம்பைநல்லூர் பக்கம் மேட்டில் ஏறிய ஆண் யானை மேலே போன மின்கம்பியில் பட்டு இறந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் மாரண்டஅள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில் 3 யானைகள் போயின. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் காட்டோரத்தில் இரண்டுமே மறக்கக்கூடாதவை.

#20 லைன்_போர்மேன்

உண்மை. வயல்வெளியில் 11 கேவி வெறுங்கம்பிக்குக் குறைந்தபட்ச உயரம் 4.6 மீட்டர். நிமிர்ந்து துதிக்கை தூக்கும் யானைக்கு அது போதாது. அந்த 4.6ஐயும் கம்பத்தடியில் அளந்து எழுதுகிறார்கள். அளக்க வேண்டியது இரண்டு கம்பத்துக்கு நடுவில், கம்பி அதிகம் தொங்கும் இடத்தில், மதிய வெயிலில் முழுப்பாரம் ஓடும்போது. ஏரிக்கரை, மண்மேடு, வரப்பு உயர்ந்த இடம் இருந்தால் அந்த மேட்டிலிருந்து அளக்கணும். நடுவில் ஒரு கம்பம் சேர்த்து நட்டால் தொய்வு வெகுவாகக் குறையும். காட்டோரத்தில் புதிதாகப் போடும் 400 மீட்டருக்கு உயரமான கம்பமே எஸ்டிமேட்டில் வரட்டும், பிறகு மாற்றுவது இரட்டைச் செலவு.

#21 பென்னாகரம்_பம்ப்செட்

மனுவைத் திருத்தி எழுதுகிறோம். சரிபார்த்துச் சொல்லுங்கள்:

அ) 14 சர்வீஸ், ஓடும் எச்பி, ஆழம் பட்டியல். ஆ) 5 நாள், காலை 7, 9, மதியம் 12, மாலை 4 மணிக்கு முதல், நடு, கடைசி ஸ்டார்ட்டரில் மூன்று பேஸுக்கும் வோல்ட், ஆம்ப்ஸ். இ) கெப்பாசிட்டர் 14க்கும் போட்டதாக உறுதி. ஈ) கடைசி 4 சர்வீஸுக்கு 63 கேவிஏ, 400 மீட்டர் 11 கேவி லைன். உ) டிரான்ஸ்பார்மரில் மீட்டர். ஊ) தாழ்ந்த கம்பி இருக்கும் கம்ப எண்கள்.

200 கேவிஏ கோரிக்கையை எடுத்துவிட்டோம்.

#22 கிரிட்_கணக்கு

நன்றாக இருக்கிறது. ஒன்றைச் சேருங்கள். ஈ) நிறைவேறினாலும் 382தான் வரும், 390க்கு 8 குறைவு. மீதி பீடரில் இருக்கிறது. ஆகவே தனி வரியாக: "இந்த 11 கேவி பீடரின் கடைசிக் கம்பத்தில் உச்ச நேர வோல்ட்டை அளந்து பதிவு செய்யவும். 11 கேவிக்கு 9 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் பீடரைப் பிரிக்கவோ, 33/11 கேவி சப்ஸ்டேஷன் அமைக்கவோ பரிந்துரைக்கவும்." உயரழுத்தத்துக்கு அனுமதிக்கப்பட்ட இறக்கம் 9 சதவீதம்தான், நம் கணக்கில் அந்த விளிம்பில் நிற்கிறது. 2021இல் தொடங்கிய மத்திய ஆர்டிஎஸ்எஸ் (மின்விநியோகச் சீரமைப்பு) திட்டத்தில் விவசாய பீடரைப் பிரிக்கும் வேலையும் அடக்கம், அந்தப் பெயரையும் குறிப்பிடுங்கள்.

சப்ஸ்டேஷனில் டேப்பை (டிரான்ஸ்பார்மரில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் படி) ஏற்றி வோல்ட்டைக் கூட்டினால் போதாதா என்று யாராவது கேட்பார்கள். ஏற்றினால் பீடரின் முதல் 3 கி.மீ.யில் உள்ள வீடுகளில் பல்பும் பிரிட்ஜும் போகும். 100 கேவிஏ வரையுள்ள டிரான்ஸ்பார்மரில் பெரும்பாலும் டேப்பே இருக்காது.

#23 லைன்_போர்மேன்

மனுவை ஏஇ ஆபீஸில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், நகல் செயற்பொறியாளருக்கு. பதில் இல்லையென்றால் வட்ட அளவில் மின்நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். டிரான்ஸ்பார்மர் எரிந்தால் 48 மணி நேரத்தில் மாற்ற வேண்டும் என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி, புகார் பதிந்த நேரத்தை எழுதி வையுங்கள்.

வோல்ட் எடுக்கும்போது 14 மோட்டாரும் ஓடுகிறதா என்று பார்த்து எடுங்கள் தம்பி. 9 மட்டும் ஓடும்போது எடுத்தால் 350 காட்டும், எஸ்டிமேட் நிற்காது.

#24 பென்னாகரம்_பம்ப்செட்

சரி அண்ணா. எத்தனை ஓடுகிறது என்பதற்கும் ஒரு பத்தி சேர்த்துவிட்டோம். திங்கள்கிழமை காலை 7 மணிக்கு முதல் அளவு. எண்களை இங்கேயே போடுகிறேன்.